மிக்ஸரை வாத்தியமாக்கிய ரேடியோ மெக்கானிக்

ஜமைக்கா நாட்டின் ரெகே இசையில் பெரிய பெயர் எடுத்தவர்களில் கிங் டபி ஒரு விநோதமான ஆள். பாடி அல்ல, கிட்டார் வாசித்தும் அல்ல, பதிவான ஒலிகளைக் கூட்டிக் குறைத்துக் கலக்கும் மிக்ஸரின் குமிழ்களைத் திருகிப் புகழ் பெற்றவர். 1941இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்த இவருடைய இயற்பெயர் ஆஸ்போர்ன் ரடக். ரேடியோ ரிப்பேர் பார்ப்பார், டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவார், தெரு நடனங்களுக்கு ஆம்பிளிஃபயர் கட்டித் தருவார். 1960களின் கடைசியில் சொந்த சவுண்ட் சிஸ்டமே (பெரிய ஸ்பீக்கர்களோடு தெருவில் இசைத்தட்டு போடும் ஏற்பாடு) நடத்தினார். அதில் மைக் பிடித்து இசைக்கு மேல் தாளத்தோடு பேசியவர் யூ-ராய்.

1970களின் தொடக்கத்தில் வாட்டர்ஹவுஸ் பகுதியிலிருந்த தன் வீட்டிலேயே ஒரு சின்ன ஸ்டூடியோ போட்டார். ஒரு இசைக்குழு உட்கார அங்கே இடம் கிடையாது. பாட வந்தவர்களுக்குக் குளியலறைதான். ஆனால் வேறு ஸ்டூடியோக்களில் பதிவான டேப்புகள் அவரைத் தேடி வந்தன. அந்த டேப்பில் நான்கு தடங்கள். பெரும்பாலும் டிரம் ஒன்றில், பேஸ் ஒன்றில், கிட்டாரும் கீபோர்டும் ஒன்றில், குரல் ஒன்றில். டபி குரலைச் சட்டென்று அணைப்பார். ஒரே ஒரு சொல்லை மட்டும் உள்ளே விட்டு மறுபடி மூடுவார். அந்தச் சொல் எதிரொலித்துக்கொண்டே போகும். 'டப்' என்ற இசைவகை பிறந்தது இப்படித்தான்.

அந்த எதிரொலி எங்கிருந்து வருகிறது? இதற்குப் பயன்படும் டேப் ரெக்கார்டரில், டேப்பைத் தொட்டு ஒலியைப் பதியும் முனையும் (ஹெட்) அதைப் படிக்கும் ஹெட்டும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவே 5 செ.மீ. இருக்கிறது, டேப் நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பதிந்த ஒலி சுமார் 0.26 நொடி கழித்துத்தான் திரும்பக் கேட்கும். நிமிடத்துக்கு 75 தட்டு போகும் பாட்டில் ஒரு தட்டின் நீளம் 0.8 நொடி. ஆக, எதிரொலி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு தட்டில் விழுந்து, தாளத்துக்குள் இன்னொரு தாளமாகிவிடும்!

திரும்பி வந்த ஒலியை மறுபடி பதியும் ஹெட்டுக்கே அனுப்பினால் எதிரொலிக்கும் எதிரொலி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைத்து அனுப்பினால் மெல்லத் தேயும்; கூட்டி அனுப்பினால் ஊளையிட ஆரம்பிக்கும். டபியின் விரல் இந்த இரண்டுக்கும் நடுவில் விளையாடியது. தவிர, ஒவ்வொரு சுற்றிலும் டேப் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் விழுங்கிவிடும். காற்றும் தூரத்து ஒலியை அப்படித்தான் மழுக்குகிறது என்பதால், குரல் விலகிப் போவது போல நம் காது ஏமாறுகிறது.

இன்னொரு ஆயுதம் ஃபில்டர். கிங்ஸ்டனின் டைனமிக் ஸ்டூடியோவிலிருந்து அவர் வாங்கிய பழைய மிக்ஸரோடு வந்தது. கெபாசிட்டர் தாழ்ந்த அதிர்வெண்களை எளிதில் கடக்க விடாது. கம்பிச்சுருள் (coil) அவற்றை எர்த்துக்கு இழுத்துவிடும். இரண்டும் சேர்ந்தால், ஓர் எல்லைக்குக் கீழே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். பெரிய குமிழ் ஒன்றைத் திருகத் திருக அந்த எல்லை படிப்படியாக ஏறும். முழு டிரம் ஓசையும் மெலிந்து மெலிந்து கடைசியில் வெறும் 'ஸ்ஸ்' என்று ஆகும். சாதாரண இன்ஜினியர் இரைச்சலைக் களையப் பயன்படுத்தும் சமாச்சாரம் இது. சுருள்கம்பி வழியே ஒலியை அனுப்பி, பெரிய கூடத்தின் முழக்கத்தைத் தரும் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியையும் அவர் சும்மா விடவில்லை: பெட்டியை ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் சுருள்கம்பி குலுங்கி, பாட்டுக்கு நடுவே இடி இடிக்கும்.

1989இல் வீட்டு வாசலில் யாரோ அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் வேலை கற்ற ஜாமி அதற்குள் டிஜிட்டல் தாளத்துக்குப் போய், 1985இல் ரெகேயின் போக்கையே மாற்றியிருந்தார். இன்றைய டிஜிட்டல் எக்கோ எத்தனை முறை சுற்றினாலும் ஒலியை மழுக்காது. அதனால் பழைய டேப் எக்கோவைப் போலச் செய்யும் மென்பொருள்கள், அந்த மழுங்கலைத் தனியாகக் கணக்குப் போட்டுச் சேர்க்கின்றன.