‘டிஸ்பாரிட்டி’: வேறுபாடா, ஏற்றத்தாழ்வா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் மருத்துவ நிலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது வரியிலேயே குறுக்கே நிற்கும் சொல் ‘ஹெல்த் டிஸ்பாரிட்டி’. ‘சுகாதார வேறுபாடு’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

லத்தீனில் ‘பார்’ என்றால் சமம். ‘டிஸ்’ அதை மறுக்கும் முன்னொட்டு. ஆங்கிலத்தில் ஜோடியைக் குறிக்கும் ‘பேர்’, நிகரானவரைக் குறிக்கும் ‘பியர்’ இரண்டும் இதே வேரில் கிளைத்தவை. தமிழில் ‘இணை’யும் அப்படித்தான்: ஜோடியும் அதுவே, நிகரும் அதுவே. ஆனால் வேரைப் பிடித்துக்கொண்டு ‘நல இணையின்மை’ என்று எழுதினால் கெட்டது கதை. ‘இணையற்ற’ என்பது நமக்குப் புகழ்மொழி!

இச்சொல் அரசு வழக்கில் ஊன்றியதில் 1985ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போதைய சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்டது அது. வெள்ளையரின் இறப்பு விகிதமே கறுப்பருக்கும் பிற சிறுபான்மையினருக்கும் இருந்திருந்தால் நேர்ந்திராத சாவுகள் ஆண்டுக்குச் சுமார் 60,000 என்று அது கணக்கிட்டது.

முதியவருக்கு மூட்டுவலி அதிகம், இளைஞருக்குக் குறைவு. அது வேறுபாடு. யாரையும் குறை சொல்ல முடியாது. சிறுநீரகக் கணக்கு அப்படிப்பட்டதல்ல. ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு சிறுநீரகத்தின் திறனைக் கணிக்க 2009இல் வந்த வாய்பாடு, நோயாளி கறுப்பர் என்றால் விடையை 1.159ஆல் பெருக்கச் சொன்னது. மற்றவருக்கு 18 என்று வரும் விடை கறுப்பருக்கு 20.9 ஆகிவிடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படுவதற்கோ விடை 20க்கு இறங்க வேண்டும். தாளில் நலமாகத் தெரிந்தவர் வரிசையில் பின்னால் நின்றார். 2021இல்தான் அந்தப் பெருக்கலைக் கைவிட மருத்துவ அமைப்புகள் பரிந்துரைத்தன.

ஆகவே ‘உடல்நல ஏற்றத்தாழ்வு’ என்பதே என் தேர்வு. யாரோ மேலே, யாரோ கீழே என்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை. 2021இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்மார் வெள்ளையரில் 26.6, கறுப்பரில் 69.9 என்ற கணக்கை வேறு எந்தச் சொல்லில் சொல்வது? ‘பாகுபாடு’ என்பாரும் உண்டு. அது செயலைக் குறிக்கும், விளைவை அல்ல. துறைப்பெயராகிவிட்ட ‘சுகாதாரம்’ என்பதைவிட ‘உடல்நலம்’ இங்கே நேராகப் பொருந்தும்.

கூடவே வரும் ‘ஆக்சஸ்’ என்பதற்கு ‘அணுகல்’ என்கிறார்கள். கதவு வரை போவதும் அணுகல்தான். மிசிசிப்பியிலும் அலபாமாவிலும் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி விரிவாக்காததால் சிகிச்சைக்கு வழியில்லாமல் இருப்பவரைப் பற்றி எழுதும்போது, ‘மருத்துவம் எட்டவில்லை’ என்றே எழுதிவிடுகிறேன்.