ஓரங்காட்டல்

நன்கொடைப் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது என் தொழில். சில மாதங்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் படிவம் யாழ்ப்பாணத்தில் என் மேசைக்கு வந்தது. யாரோ முன்னரே மொழிபெயர்த்துவிட்டார்கள். பிழை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தார்கள். தையல் இயந்திரம், கோழிக்கூடு, சிறுகடைக்கு மூலதனம் என்று வாழ்வாதார உதவி வழங்கும் திட்டம் அது. பணத்தைப் பெற்றுப் பகிரும் அமைப்பு எவரையும் ஒதுக்கக் கூடாது என்பது ஏழாம் பக்கத்து நிபந்தனை. ஆங்கிலப் படியில் இனம், மதம், சாதி, பால், மாற்றுத்திறன், பாலீர்ப்பு, பால்நிலை அடையாளம் என்று ஏழு காரணங்கள் இருந்தன. தமிழ்ப் படியில் ஐந்து. கடைசி இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் ‘முதலியன’ என்று போட்டிருந்தது.

அந்த ‘முதலியன’தான் இந்தக் குறிப்பை எழுதவைத்தது.

ஒதுக்கக் கூடாது என்பதற்கு அந்தப் படிவத்தில் இருந்த சொல் பாகுபாடு. பகு என்ற வினையடியில் பிறந்தது. பகுதி, பங்கு, பகிர்வு எல்லாம் அதன் உறவுகள். ஆண்பால், பெண்பால் என்கிறபோது வரும் ‘பால்’ என்ற சொல்லையும் அறிஞர்கள் இதே வேரோடு சேர்ப்பார்கள். நல்ல தமிழ்ச்சொல்தான், ஆனால் அதற்குள் குற்றம் இல்லை. இலக்கணக்காரர் ‘திணைப் பாகுபாடு’ என்று எழுதும்போது யாரும் யாருக்கும் அநீதி செய்வதில்லை. ஆங்கிலத்து டிஸ்கிரிமினேஷனுக்கும் அதே கதை: இலத்தீன் வேரின் பொருள் பிரித்தறிதல், அவ்வளவுதான். இதே பொருளில் வழங்கும் பாரபட்சம் என்ற சொல்லில் உள்ள பட்சம் வடமொழி. பக்கம், சிறகு என்று பொருள். அது பேச்சிலும் எழுத்திலும் நன்றாக ஊறிவிட்டது. அதை நான் விரட்ட வரவில்லை.

ஆனால் எங்கள் கையில் இதைவிடக் கூர்மையான சொல் ஒன்று இருக்கிறது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையைத் தமிழில் படித்தால் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகிய காரணங்களுக்காக எந்தப் பிரசையும் ‘ஓரங்காட்டப்படுதலாகாது’ என்று இருக்கும். முதன்முறை படிக்கிறவர்களுக்குச் சட்டத் தமிழின் முரடு போலத் தோன்றும். உண்மையில் அது மிகப் பழைய வழக்கு. ஓரம் என்றால் விளிம்பு. நடுவில் நில்லாமல் ஒரு பக்கம் ஒதுங்குவதும் ஓரம். ஆத்திசூடியின் கடைசி வரி ‘ஓரம் சொல்லேல்’. நல்வழியில் ஒரு வெண்பா ‘மன்றோரம் சொன்னார் மனை’ என்று முடிகிறது. வழக்கு மன்றத்தில் ஒருபக்கம் சாய்ந்து பேசியவரின் வீட்டில் வேதாளம் சேரும், வெள்ளெருக்குப் பூக்கும், மூதேவி வந்து குடியிருப்பாள், பாம்பு குடிபுகும் என்று அடுக்கிவிட்டு வரும் முடிவு அது. நாம் வீட்டில் சொல்லும் ஓரவஞ்சனையும் இந்த ஓரந்தான்.

பாகுபாடு தானே நிகழ்ந்தது போலவும் பேசலாம்: ‘சமூகத்தில் பாகுபாடு நிலவுகிறது.’ ஓரங்காட்டலை அப்படிப் பேச முடியாது. காட்டியவர் ஒருவர் இருக்க வேண்டும். அதனால்தான் நிபந்தனை எழுதும் இடத்தில் இந்தச் சொல்லே பொருந்தும் என்கிறேன்.

இதைக் கொடையோடு சேர்க்கும் சொல்லும் தமிழில் உண்டு: பந்திவஞ்சனை. ஒரே பந்தியில் இருத்திவிட்டு ஒருவர் இலைக்கு நெய்யும் பாயசமும், அடுத்தவர் இலைக்கு வெறும் சோறு. அன்னதானக் கந்தன் என்று பெயரெடுத்த செல்வச்சந்நிதி முருகன் கோயில் இருக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பந்தியில் வஞ்சனை நடந்தால் பரிமாறியவரோடு பேச்சு முடியாது. அரிசி கொடுத்தவரையும் கேட்பார்கள்.

நிறுவனங்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்பட்ட பெரிய வழக்கு அமெரிக்கச் சாரணர் இயக்கத்தினுடையது. தம் பாலினரிடமே மனம் ஈர்க்கப்படும், அதாவது சமபாலீர்ப்புள்ள, ஒருவரைச் சாரணர் குழுத் தலைவராக ஏற்காதிருக்க அந்த இயக்கத்துக்கு உரிமை உண்டென்று 2000இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் (தமிழகத்தில் உச்ச நீதிமன்றம் என்பார்கள்) 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. சட்டப்படி அவர்கள் வென்றார்கள். ஆனால் கொடுத்தவர்கள் யோசித்தார்கள். ஆடை நிறுவனமான லீவை ஸ்ட்ராஸ் 1992இலேயே உதவியை நிறுத்தியிருந்தது. 2012இல் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல், பொதி அனுப்பும் நிறுவனமான யூபிஎஸ் ஆகியவற்றின் பணமும் நின்றது. இயக்கம் 2013இல் சிறுவர்கள் மீதான தடையையும் 2015இல் பெரியவர்கள் மீதான தடையையும் நீக்கியது. பணம் நின்றதால் பாதிக்கப்படுவது ஏழைப் பிள்ளைகள்தானே என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கவலை. ஆனால் தடைக்கு வெளியே நின்றவர்களும் பிள்ளைகளே.

இது அந்நியச் சங்கதி என்று சொல்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் 1929ஐ நினைவூட்ட வேண்டும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரசின் பணம் வேண்டுமானால் பிள்ளைகளைத் தரையில் இருத்தக் கூடாது. எதிர்ப்பு எவ்வளவு கடுமையாக இருந்ததென்றால், அடுத்த ஆண்டு இங்கே பாடசாலைகள் எரிக்கப்பட்டன. சம ஆசனம், சம போசனம் என்ற சொற்றொடர் அந்த நெருப்பின் வழியாகத்தான் நம்மிடம் வந்து சேர்ந்தது. கொடைக்கு நிபந்தனை வைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

இனி, விடுபட்ட அந்த இரண்டு சொற்கள். யாரிடம் மனம் ஈர்க்கப்படுகிறது என்பது பாலீர்ப்பு. ஒருவர் தம்மை ஆணாக, பெண்ணாக, வேறாக உணர்வது பால்நிலை அடையாளம். தமிழகத்தில் பாலின அடையாளம் என்பார்கள். ஓரினச்சேர்க்கை என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. ஒரு மனிதரின் அன்பை முழுவதும் சேர்க்கை என்ற ஒற்றைச் செயலாக அது சுருக்கிவிடுகிறது; இலங்கைத் தமிழிலோ ‘ஓரினம்’ என்றால் சிங்களவரா தமிழரா என்ற கேள்விதான் முதலில் எழும். சமபாலீர்ப்பு போதும். திருநங்கை, திருநம்பி, இருவரையும் அடக்கும் திருநர் ஆகிய சொற்கள் நிலைத்துவிட்டன. 2022இல் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களுக்கு அரசிதழில் அகராதியே வெளியிட்டது.

முந்தைய மொழிபெயர்ப்பாளர் அஞ்சியிருக்கலாம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் சமபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளின் நிழல் நீண்டது. அந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னும் அச்சம் விடுவதில்லை. ஆனால் பெயர் இல்லாதவரால் முறையிட முடியாது. தையல் இயந்திரம் கேட்டு வந்த திருநங்கையிடம் ‘இது பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு மட்டும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அவர் படிவத்தில் விரல் வைத்துக் காட்ட ஒரு சொல் வேண்டும். ‘முதலியன’வில் விரல் வைத்து என்ன கேட்பது?

நான் திருத்தி அனுப்பியது இது: ‘இனம், மதம், சாதி, பால், மாற்றுத்திறன், பாலீர்ப்பு, பால்நிலை அடையாளம் ஆகிய எக்காரணத்தாலும் உதவிபெறும் அமைப்பு எவருக்கும் ஓரங்காட்டக் கூடாது.’ வாக்கியம் நீளமாக இருக்கிறது, பக்கத்தில் இடம் போதவில்லை என்று பதில் வந்தது. கீழே இருந்த நிறுவனத்தின் சின்னத்தைச் சிறிதாக்கும்படி எழுதினேன்.