ஷார்ட் எங்கே என்று 21 வாட் பல்பு சொல்லும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “அப்பா காலத்து டிராக்டர், டைனமோ வைத்தது. தொளி அடித்துவிட்டு மாலையில் நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. ஹெட்லைட் பியூஸும் போட்டவுடன் போய்விடுகிறது. பேட்டரி புதிது. மொத்த ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?”

உண்டு. ஆனால் அவர் சொல்வது ஒரே பழுதாக இருக்க வேண்டியதில்லை. பியூஸ் உடனே உருகுவது ஷார்ட். இரவோடு இரவாகப் பேட்டரி வடிவது கசிவு. தேடும் முறை இரண்டுக்கும் வேறு.

டிராக்டரில் பெரும்பாலான கருவிகளுக்கு ஒரே ஒயர்தான் போகிறது. மின்சாரம் திரும்பி வரும் வழி வண்டியின் இரும்பு உடல். பேட்டரியின் நெகட்டிவ் முனையை பாடியில் முடுக்கியிருப்பது அதற்காகத்தான். ஆகவே பாசிட்டிவ் ஒயரின் உறை எங்கே தேய்ந்து இரும்பைத் தொட்டாலும் சுற்று அங்கேயே முடிந்துவிடும். தடை ஏறக்குறைய இல்லை. ஓமின் விதிப்படி மின்னோட்டம் எகிறும், பியூஸ் உருகும். அது தன் கடமையைச் செய்திருக்கிறது. அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதன் பிறகு உருகப்போவது டீசல் குழாயை ஒட்டி ஓடும் ஒயர்தான்.

வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் பிவிசி உறை நெகிழ்வை இழந்து வெடிக்கிறது. வைக்கோல் போட்ட கொட்டகையில் எலி கடிக்கிறது. டெல்டாவில் இன்னொன்றும் சேர்கிறது. சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் வாரியடிக்கும் சேற்றுநீர் வெடிப்புக்குள் புகுந்தால், பாசிட்டிவ் செம்புக்கும் இரும்பு உடலுக்கும் நடுவே மின்பகுப்பு நடக்கிறது. செம்பு அயனிகளாகக் கரைந்து பச்சைப் படிவமாகிறது. சாவியை அணைத்த பிறகும் மின்னழுத்தம் இருக்கும் ஒயர்களில் இது இரவெல்லாம் தொடரும். வேதாரண்யம் போல மண்ணில் உப்பு ஏறிய பகுதிகளில் இன்னும் வேகம். மட்கார்டுக்கு அடியில் ஒயரைப் பிரித்துப் பச்சை தெரிந்தால், அந்தத் துண்டை வெட்டி மாற்றிவிடுங்கள்.

இனி ஷார்ட்டைத் தேடுவோம். இதற்கு எனக்குப் பிடித்த கருவி 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எல்இடி உதவாது, இழை உள்ள பழைய பல்பே வேண்டும். பியூஸைக் கழற்றிவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் நடுவே இந்தப் பல்பை இணையுங்கள். ஹெட்லைட் பல்புகளை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள். ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் 12 வோல்ட்டும் இந்தப் பல்பின் மேல் விழும், பல்பு முழுப் பிரகாசத்தில் எரியும். இப்போது ஓடும் மின்னோட்டம் 21-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 1.75 ஆம்பியர்தான். ஹெட்லைட் ஒயருக்கு அது மிகக் குறைவு. ஷார்ட் அப்படியே இருக்க, எதுவும் கருகாமல், நிதானமாகத் தேட நேரம் கிடைக்கிறது.

டங்ஸ்டன் இழையின் குணம்தான் இதைச் சாத்தியமாக்குகிறது. எரியாதபோது அதன் தடை ஓர் ஓமுக்கும் குறைவு. எரியும்போது 2000 டிகிரிக்கு மேல் சூடேறி, தடை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்து சுமார் 7 ஓம் ஆகிறது. மின்னோட்டம் கூடினால் சூடு, சூடு கூடினால் தடை, தடை கூடினால் மின்னோட்டத்துக்குக் கட்டுப்பாடு. சிப் இல்லை, நிரல் இல்லை. ஒரு உலோகத்தின் அணுக்கள் சூட்டில் அதிர்ந்து எலக்ட்ரான்களின் வழியை மறிப்பதே இங்கு வேலை செய்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஹெட்லைட் பல்புகளை எடுக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். குளிர்ந்த ஹெட்லைட் இழையின் தடை மிகக் குறைவு. அதை விட்டுவைத்தால் ஷார்ட் இல்லாதபோதும் சோதனைப் பல்பு எரியும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டு நல்ல ஒயரை ஷார்ட் என்று தீர்ப்பளிப்பதும் இப்படித்தான் நடக்கிறது.

பல்பு எரிந்துகொண்டிருக்க, பியூஸ் பெட்டியிலிருந்து ஒயரைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். கிளிப் கடிக்கும் இடங்களிலும் திருப்பங்களிலும் கவனம் வேண்டும். எங்கே அசைக்கும்போது பல்பு மினுக்குகிறதோ, அங்கே பிரியுங்கள்.

இரவுக் கசிவுக்குக் கணக்கு உதவும். 75 ஆம்பியர்-மணி பேட்டரி 12 மணி நேரத்தில் பாதி வடிய, சுமார் 3 ஆம்பியர் ஓட வேண்டும். அது 36 வாட் வெப்பமாக எங்கேயோ வெளிப்பட்டாக வேண்டும். ஆகவே இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். டைனமோ நின்றதும் அதைப் பேட்டரியிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச்தான் கட்-அவுட். அதன் முனைகள் ஒட்டிக்கொண்டால், நின்ற டைனமோவுக்குள் பேட்டரி மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டைனமோ வெதுவெதுப்பாக இருக்கும்.

கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அதன் மறுமுனை பாடியில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். சார்ஜ் ஆன பேட்டரியருகே ஹைட்ரஜன் இருக்கலாம், ஒரு பொறி போதும்.

டெல்டாவுக்குத் தெற்கே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்குகிறது. அங்கே லித்தியம் பேட்டரி ஆய்வுக்குப் பணம் வரட்டும், நல்லது. ஆனால் கொட்டகையில் நிற்கும் ஈய-அமில பேட்டரியைப் பராமரிக்கக் கிராமத்துப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் அரசு கொஞ்சம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குறுவைத் தண்ணீர் கடைமடைக்கு வந்த வாரத்தில் ஒரு டிராக்டர் நின்றால் நட்டம் உடனே தெரிகிறது.

ஒயர்கள் எல்லாம் சரி, நெகட்டிவைக் கழற்றி வைத்தும் பேட்டரி வடிகிறது என்றால் பழுது உள்ளே இருக்கிறது, புதியதானாலும் சரி. தகடுகளிலிருந்து உதிர்ந்த பொருள் அடியில் சேர்ந்து தகடுகளை இணைத்திருக்கலாம், அல்லது தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைக்கும் நடுத்தட்டி கிழிந்திருக்கலாம். முழுதும் சார்ஜ் செய்த பிறகும் 12.6 வோல்ட்டுக்குப் பதிலாக 10.5 அருகிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது. உத்தரவாதச் சீட்டை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள்.