கவுன்சில் மறுத்தாலும் கதை முடியாது: இங்கிலாந்தின் பிளானிங் மேல்முறையீடு

இங்கிலாந்தில் நிலம் சொந்தம் என்பதாலேயே அதில் கட்டிவிட முடியாது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏற்பாடு இது. உள்ளூர் கவுன்சிலிடம் பிளானிங் பெர்மிஷன் வாங்க வேண்டும். பழைய கப்பல்துறை, மூடிய ஆலை என்று தண்ணீர் ஓரமாகச் சும்மா கிடக்கும் இடங்களில் நூற்றுக்கணக்கில் வீடு கட்ட வரும் விண்ணப்பங்கள் அடிக்கடி சண்டையில் முடிவதும் இங்கேதான்.

பெரிய திட்டத்துக்குக் கவுன்சில் 13 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தேவைப்பட்டால் 16 வாரம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 'ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை' என்பதோ, பக்கத்து வீட்டின் விலை இறங்கிவிடும் என்பதோ காரணமாக நிற்காது. உயரம், வெளிச்சம், போக்குவரத்து, பாரம்பரியக் கட்டடங்களின் தோற்றம், மலிவு வீடுகளின் பங்கு போன்றவை நிற்கும்.

மறுப்பு வந்த 6 மாதத்துக்குள் கட்டுமான நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 78ஆம் பிரிவு தரும் உரிமை அது. கெடு தாண்டியும் கவுன்சில் வாயே திறக்கவில்லையா? அப்போதும் போகலாம். இந்த மேல்முறையீடுகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட் அனுப்பும் ஆய்வாளர் வழக்கை முதலிலிருந்து பார்ப்பார். சின்ன விஷயம் என்றால் கடிதங்களோடு முடிந்துவிடும். பெரியது என்றால் பொது விசாரணை. வழக்கறிஞர்கள், சாட்சிகள், குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு. பொதுவாக ஆய்வாளர் சொல்வதே முடிவு. ஆனால் வீட்டுவசதித் துறை அமைச்சர் நினைத்தால் கோப்பைத் தன் மேசைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஆய்வாளர் சொல்வது வெறும் பரிந்துரைதான்.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை லண்டன் 'ஐல் ஆஃப் டாக்ஸ்' பகுதியில் பார்த்தோம். மில்வால் கப்பல்துறை ஓரம் வெஸ்ட்ஃபெரி என்ற பழைய செய்தித்தாள் அச்சகம். அந்த இடத்தில் 722 வீடுகளுக்கு 2016இல் அனுமதி கிடைத்தது. 2018இல் தொழிலதிபர் ரிச்சர்ட் டெஸ்மண்டின் நிறுவனம் அதை 1,524 ஆக்கிக் கேட்டது. மலிவு வீடுகள் 21 சதவீதம்தான். 35 வேண்டும் என்பது கொள்கை. அந்தக் கப்பல்துறையில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் மையம் இருக்கிறது. இத்தனை உயரக் கோபுரங்கள் எழுந்தால் பாய்க்குக் காற்று ஏது என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு இந்த வழக்கில் மிகவும் பிடித்த வாதம் அதுதான்.

கெடுவுக்குள் முடிவு வரவில்லை என்று 2019 மார்ச்சில் நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. விசாரித்த ஆய்வாளர் அனுமதிக்க வேண்டாம் என்றார். அப்போதைய அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் 2020 ஜனவரி 14 அன்று அனுமதித்தார். அந்தப் பகுதியின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில், கட்டுவோரிடம் வாங்கும் புதிய உள்கட்டமைப்புக் கட்டணத்தை ஏற்கவிருந்ததற்கு முந்தைய நாள் அது. அந்த ஒரு நாளில் நிறுவனத்துக்கு மிச்சமாகவிருந்த தொகை 3 முதல் 5 கோடி பவுண்டு என்று கணக்கிடப்பட்டது. கவுன்சில் நீதிமன்றம் போனதும், பாரபட்சம் போலத் தோன்ற இடமிருந்ததால் முடிவு சட்டப்படி செல்லாது என்று அமைச்சரே ஒப்புக்கொண்டார். அனுமதி ரத்தானது. மறுபடியும் விசாரணை நடந்து, 2021 நவம்பரில் மேல்முறையீடு தள்ளுபடியானது.

மேல்முறையீட்டில் தோற்றாலும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அங்கே சட்டப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். கோபுரம் அழகா அசிங்கமா என்று நீதிபதி சொல்ல மாட்டார். இல்லாவிட்டால் திட்டத்தைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிக்கலாம். நடைமுறையில் பலரும் செய்வது இதைத்தான்.

சரி, பக்கத்தில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை? இங்கேதான் தராசு சாய்கிறது. கவுன்சில் மறுத்தால் நிறுவனம் மேல்முறையீடு செய்யலாம். கவுன்சில் அனுமதித்தால் அக்கம்பக்கத்தார் செய்ய முடியாது. மிஞ்சுவது செலவு பிடிக்கும் நீதிமன்ற வழக்கு ஒன்றே. ஆகவே தெருவிளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அந்த அறிவிப்புத் தாளை மழையில் நனைந்து கிழிவதற்குள் படித்துவிடுங்கள். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தருவார்கள். இணையத்தில் கவுன்சில் தளத்திலேயே, விண்ணப்ப எண்ணைப் போட்டு எழுதலாம். பின்னால் மேல்முறையீடு வந்தால், அப்போது எழுதிய கடிதம் ஆய்வாளரின் கோப்புக்கும் போய்ச் சேரும்.