மூச்சுக்காற்றைச் சேமித்து வைத்த சேறு

மரம் ஆக்சிஜன் தருகிறது என்று சின்ன வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். தப்பில்லை, ஆனால் அது கணக்கில் பாதிதான். ஒரு இலை வெயிலில் சர்க்கரை செய்யும்போது ஆக்சிஜனை வெளியே விடுகிறது, சரி. அதே இலை பழுத்து விழுந்ததும் பூஞ்சையும் பாக்டீரியாவும் புழுவும் அதைத் தின்று தீர்க்கின்றன, தீர்க்கும்போது அந்த இலையைக் கட்டுவதில் வெளிவந்த ஆக்சிஜன் ஏறக்குறைய முழுதும் செலவாகிவிடுகிறது. வரவும் செலவும் சரி. அமேசானைப் பூமியின் நுரையீரல் என்பது கேட்க நன்றாக இருக்கும், முதிர்ந்த காட்டின் நிகர வரவு என்னவோ கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

அப்படியானால் காற்றில் இருக்கும் 21 சதவீதம் எங்கிருந்து வந்தது?

மட்காமல் தப்பித்ததிலிருந்து. கடலில் செத்த பாசியும் ஆறு அடித்துக்கொண்டு வந்த செடிக் குப்பையும் அடியில் போய்ச் சேரும், அதன்மேல் வண்டல் படியும், உள்ளே ஆக்சிஜன் எட்டாததால் கொஞ்சம் கார்பன் மட்காமல் அப்படியே கிடந்துவிடும். உயிர்கள் உண்டாக்குவதில் இப்படிப் புதைவது ஒரு சதவீதம் கூட இல்லை. ஆனால் புதைந்த ஒவ்வொரு கார்பனுக்கும் ஈடாகச் செலவாகாத ஆக்சிஜன் மேலே மிஞ்சுகிறது, அது கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்துகொண்டே வருகிறது. புதைந்த கார்பன் என்றதும் நிலக்கரிதான் நினைவுக்கு வரும். உண்மையில் பெரும்பகுதி சேறு இறுகி உண்டான களிப்பாறைகளில் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடக்கிறது.

இன்று பூமியில் உயிரோடு இருப்பவை எல்லாவற்றிலும் சேர்ந்து சுமார் 55,000 கோடி டன் கார்பன் உண்டு. அத்தனையையும் கொளுத்தினாலும் 20.95 சதவீத ஆக்சிஜன் 20.92க்கு இறங்கும், அவ்வளவுதான். (மற்ற எல்லாம் நாசம், அது வேறு விஷயம்.)

இந்தச் சேமிப்பும் உடனே தொடங்கிவிடவில்லை. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடும் வித்தையை முதலில் கற்றது சயனோபாக்டீரியா, நாம் நீலப்பச்சைப் பாசி என்கிறோமே அதுதான். அது விட்டதைக் காற்றில் சேரவிடாமல் இடையில் பறித்துக்கொண்டவற்றில் முக்கியமானது இரும்பு. இரும்பு அதிகமுள்ள போர்வெல் தண்ணீரைக் கவனித்திருக்கிறீர்களா? ஏற்றும்போது கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், வாளியில் பிடித்து வைத்தால் மெல்ல மஞ்சளிக்கும், மறுநாள் அடியில் காவிநிறக் கசடு. நிலத்தடியில் ஆக்சிஜன் இல்லாதவரை இரும்பு கரைந்து கிடந்தது, காற்று பட்டதும் துருவாகிக் கீழே இறங்கிவிட்டது. ஆதிக் கடல் முழுவதும் அந்த வாளித் தண்ணீர் போலத்தான் இருந்தது. கடலடி வெந்நீர் ஊற்றுகள் இரும்பைக் கொட்டிக்கொண்டே இருந்தன. பாசி விட்ட ஆக்சிஜன் பட்டு அது படிந்தது. ஆக்சிஜனே இல்லாமல் வெளிச்சத்தை வைத்தே இரும்பைத் துருவாக்கும் பாக்டீரியாவும் உண்டு, அவையும் இதில் கை கொடுத்திருக்கலாம்.

அந்தக் கசடுதான் இன்றைய பட்டை இரும்புப் பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் சிவப்பு ஒரு வரி, கருஞ்சாம்பல் ஒரு வரி என்று மாறிமாறிப் போகும், கனமாக இருக்கும், மேக்னடைட் உள்ள கருப்பு வரியில் காந்தம் ஒட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைகளில் இது நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் கிடக்கிறது. உலகம் வெட்டியெடுக்கும் இரும்புத் தாதுவில் பெரும்பங்கு இந்த வகைப் பாறைகளின் வழிவந்ததுதான்.

காற்றில் ஆக்சிஜன் எப்போது நிலைத்தது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த சாட்சி பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்து தங்கம் போல மின்னும் கனிமம் அது. இன்று ஆற்றில் உருண்டால் ஆக்சிஜன் அரித்துத் தின்றுவிடும், கூழாங்கல்லாகும் வரை தாங்காது. ஆனால் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரண்டில், 250 கோடி ஆண்டுகளுக்கும் பழைய ஆற்றுப் படிவுகளில், உருண்டு வழவழப்பான பைரைட் மணிகள் கிடக்கின்றன. அந்த ஆற்றுக்கு மேலே இருந்த காற்றில் ஆக்சிஜன் இருந்திருக்க வழியில்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலைமை மாறியது. அதற்குப் பிந்திய ஆற்றுப் படிவுகளில் இப்படிப்பட்ட மணிகள் அரிதாகிவிடுகின்றன.

இப்போது நாம் புதைந்த கார்பனைத் தோண்டி எரிக்கிறோம், அதாவது பழைய சேமிப்பிலிருந்து எடுக்கிறோம். அந்தக் கழித்தலும் கருவியில் தெரிகிறது: வருடத்துக்குப் பத்து லட்சத்தில் சுமார் 4 பங்கு ஆக்சிஜன் குறைகிறது. மூச்சு முட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், கையிருப்பு அவ்வளவு பெரியது. தொல்லையெல்லாம் எதிர்ப்பக்கத்தில், கார்பன் டை ஆக்சைடு காற்றில் இருப்பதே வெறும் 0.04 சதவீதம், அங்கே கொஞ்சம் கூடினாலும் பெரிய வித்தியாசம்.