லொக் எடுத்த போனும் மலை தாண்டிய சிம்மும்

சிம் தட்டை ஊசியால் குத்தி வெளியே இழுத்தபோதுதான் அது கண்ணில் பட்டது. தம்பியின் டயலொக் சிம்முக்கு அடியில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தகடு, தங்க நிறத்தில் சின்னக் கட்டங்கள், ஒரு ஓரத்தில் அரைமிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு சிப். சிம்மோடு சேர்த்து வைத்தால் இரண்டு என்றே தெரியாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் வாங்கிய பாவித்த ஐபோன் அது. "அன்லொக்தான் தம்பி, எந்த சிம்மும் போடலாம்" என்று கடைக்காரர் சொன்னார். கடையில் வைத்தே சிம்மைப் போட்டு அம்மாவுக்கு ஒரு கோல் எடுத்துப் பார்த்தான், பேசியது. அப்புறம் ஒரு ராத்திரி அப்டேட்டை அமுக்கிவிட்டுப் படுத்தான். விடிந்து பார்த்தால் சிக்னல் இல்லை, இந்த சிம்மை ஏற்க முடியாது என்று ஒரு வரி மட்டும் நின்றது. அம்மா கொழுந்தெடுத்துச் சேர்த்த காசில் பெரிய பங்கு அந்தப் போனில் போயிருந்தது. அன்றைக்கு உட்கார்ந்து தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் நம் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் போன்களும் அதிகம், வெளிநாட்டுக்குப் போன் கொண்டுபோகிற ஆட்களும் அதிகம்.

முதலில் 'லொக்' என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். திரையைத் திறக்கக் கேட்கும் பின் நம்பர் ஒரு லொக். பழைய சொந்தக்காரரின் கணக்கோடு பூட்டிக் கிடக்கும் ஐகிளவுட் லொக் இன்னொன்று. நாம் பேசப்போவது மூன்றாவது, நெட்வேர்க் லொக். கடையில் 'அன்லொக்' என்று சொன்னால் எந்த லொக் என்று திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

சிம்முக்குள்ளே 15 இலக்க எண் ஒன்று எழுதியிருக்கும். அது நம் போன் நம்பர் அல்ல, நாம் அதைப் பார்ப்பதே இல்லை. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும், இலங்கைக்கு 413. அடுத்த இரண்டு நிறுவனத்தைச் சொல்லும்: மொபிட்டெலுக்கு 01, டயலொக்குக்கு 02, ஹட்ச்சுக்கு 08. மிச்சம் பத்தும் ஆளுக்கு ஆள் மாறும். நெட்வேர்க் லொக் உள்ள போன் ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் இந்த எண்ணை சிம்மிடம் கேட்டு வாங்கி, அதன் தலைப்பகுதியைத் தன்னிடம் எழுதிவைத்திருக்கும் அனுமதியோடு ஒப்பிடும். அமெரிக்க நிறுவனம் ஒன்று விற்ற போன் என்றால் அந்த நிறுவனத்தின் இலக்கங்கள்தான் அதில் இருக்கும். 413 என்று தொடங்கும் சிம்மைப் போட்டவுடன் கதவைச் சாத்திவிடும். சிம்மில் பிழை இல்லை, சிக்னல் கோபுரத்தில் பிழை இல்லை, போன்தான் மறுக்கிறது.

ஏன் இப்படிப் பூட்டுகிறார்கள்? அங்கே பல நிறுவனங்கள் போனை மாதத் தவணைக்கோ மிகக் குறைந்த விலைக்கோ கொடுத்து, இரண்டு வருசம் தங்கள் இணைப்பிலேயே வைத்திருந்து காசை எடுத்துக்கொள்ளும். காசு கட்டி முடிவதற்குள் ஆள் வேறு பக்கம் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் பூட்டு. நாம் கடையில் முழுக் காசு கொடுத்து வாங்குகிறோம், அதனால் இங்கே விற்கிற புதுப் போன்களில் பெரும்பாலும் அந்தப் பூட்டு கிடையாது. இந்த வழக்கமும் குறைந்து வருகிறது. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து புதுப் போன்களைப் பூட்டாமல்தான் விற்க வேண்டும். ஜப்பானில் 2021 ஒக்டோபரிலிருந்தும் பிரித்தானியாவில் அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் அப்படித்தான். அமெரிக்காவில் இன்னும் உண்டு. அங்கே தவணையைக் கட்டி முடித்தவர் கேட்டால் நிறுவனமே திறந்துவிடும். அந்தப் போனை வாங்கியவர் கேட்க வேண்டும், ஹட்டனில் இருந்து நாம் கேட்டு நடக்காது.

பூட்டைத் திறக்க நேர்வழி இரண்டு. பழைய முறையில் நிறுவனம் ஒரு இரகசிய இலக்கத்தைத் தரும், வேறு சிம்மைப் போட்டதும் போன் கேட்கும் இடத்தில் அதை அடித்தால் திறந்துகொள்ளும். சில தடவைக்கு மேல் பிழையாக அடித்தால் நிரந்தரமாக இறுகிவிடும், அதனால் விளையாட்டுக்கு அடித்துப் பார்க்கக் கூடாது. ஐபோனில் அப்படி இலக்கம் இல்லை. இந்தப் போன் எந்த நிறுவனத்துக்குக் கட்டுப்பட்டது என்பது ஆப்பிளின் பதிவேட்டில் இருக்கிறது, நிறுவனம் சொன்னால் அங்கே மாறும்.

தம்பியின் போனில் இருந்தது மூன்றாவது வழி, குறுக்கு வழி. ஆர்-சிம் என்று கடைகளில் சொல்கிறார்கள். போனுக்கும் சிம்முக்கும் நடுவில் அந்தச் சருகு உட்கார்ந்துகொள்கிறது. போன் 'நீ எந்த நிறுவனத்து சிம்?' என்று கேட்கும்போது நம் சிம் பதில் சொல்வதற்கு முன்னால் அது முந்திக்கொண்டு, போன் எதிர்பார்க்கிற வெளிநாட்டு நிறுவனத்தின் இலக்கத்தைச் சொல்கிறது. போன் நம்பிக் கதவைத் திறந்ததும் விலகி நின்று, டயலொக் சிம்மைப் பேச விடுகிறது. பூட்டு திறக்கவே இல்லை, காவலாளிதான் ஏமாந்தான். அப்டேட் வந்ததும் காவலாளி விழித்துக்கொண்டான். இதை விற்பது பிழை என்று நான் சொல்ல மாட்டேன், விலை அதற்குத்தான் குறைவு. ஆனால் அதைச் சொல்லாமல் 'அன்லொக்' என்று விற்பது பிழை.

சரி, போன் உண்மையிலேயே அன்லொக். அப்போது எல்லா இடத்திலும் வேலை செய்யுமா? இல்லை. இதைத்தான் பலர் அறியாமல் வாங்கிவிடுகிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது. நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குள் ஒரு கோடுகூட வராத போன் அங்கே ஏறினால் மூன்று கோடு காட்டும். மாலையானால் நான்கைந்து பேர் அங்கேதான் நிற்பார்கள். ரேடியோ அலைக்கு மலை ஒரு சுவர். ஆனால் எல்லா அலைக்கும் ஒரே அளவுச் சுவர் அல்ல. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர், ஒரு அடிக்கோலைவிடக் கொஞ்சம் கூட. 2100 மெகாஹேர்ட்ஸ் அலை 14 சென்டிமீட்டர்தான். நீளமான அலை மலை விளிம்பில் வளைந்து பின்பக்கத்துக்குக் கொஞ்சமாவது இறங்கும், மரக்கிளைகளையும் சுவரையும் கூடுதலாக ஊடுருவும். குட்டை அலை விளிம்பைத் தாண்டி நேராகப் போய்விடும், பள்ளத்தில் இருக்கிற லயத்துக்கு நிழல்தான் மிச்சம். தரைநாட்டில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நமக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாடும் தன் நிறுவனங்களுக்கு வெவ்வேறு அலைப்பட்டைகளை ஒதுக்கியிருக்கிறது, போனுக்குள் இருக்கிற வன்பொருள் எந்தப் பட்டைக்குச் செய்யப்பட்டதோ அதைத்தான் கேட்கும். இலங்கையில் 2ஜி ஓடுவது 900இலும் 1800இலும். 4ஜிக்குப் பரவலாகப் பாவிப்பது 1800, அதற்கு மூன்றாம் பேண்ட் என்று பெயர். அமெரிக்காவில் 600, 700, 850, 1900 என்று வேறு கணக்கு. ஐபோன் மாதிரி விலை கூடிய போன்கள் இரண்டு பக்கத்தையும் கேட்கும். ஆனால் அங்குள்ள நிறுவனம் தன் ஆட்களுக்கென்று செய்வித்த மலிவு ஆண்ட்ராய்ட் போனில் மூன்றாம் பேண்ட் இல்லாமல் இருக்கலாம். அதை எவ்வளவு முறையாக அன்லொக் செய்தாலும் 1800 அலை அதன் காதில் விழாது. மாடல் எண்ணை வைத்து பேண்ட் பட்டியலைப் பார்ப்பது பத்து நிமிச வேலை.

இங்கே வாங்கிய போன் அங்கே போனாலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022க்குள் 3ஜியை மூடிவிட்டன. அதனால் கோலும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். அந்த நிறுவனத்துக்கு ஏற்ற அமைப்பு போனில் இல்லாவிட்டால் டேட்டா ஓடும், ஆனால் பேச முடியாது.

எங்கள் பெரியம்மா மகள், பொகவந்தலாவை அக்கா, டுபாய்க்கு வேலைக்குப் போனபோது வேறொரு விசயம் புரிந்தது. விமானம் இறங்கிப் போனை உயிர்ப்பித்ததும் சில விநாடியில் அந்த நாட்டு நிறுவனத்தின் பெயர் திரையில் வந்ததாம். "நம்ம சிம்மை அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

போன் அக்கம்பக்கக் கோபுரங்களைத் தேடிக் கேட்டு, ஒன்றிடம் தன் 15 இலக்கத்தைக் கொடுக்கிறது. 413, 02 என்று பார்த்ததும், இது இலங்கை டயலொக் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிகிறது. ஆனால் உண்மையான சிம்தானா? நம் சிம்முக்குள் 128 பிட் நீளமுள்ள இரகசியச் சாவி ஒன்று இருக்கிறது. அதே சாவியின் இன்னொரு பிரதி இலங்கையில் டயலொக்கிடம் மட்டும் இருக்கிறது. டுபாய் நிறுவனம் இலங்கைக்கு ஆள் அனுப்புகிற மாதிரி ஒரு செய்தி அனுப்பும். இங்கிருந்து ஒரு புதிர் எண்ணும் அதற்கான விடையும் போகும். புதிரை மட்டும் அக்காவின் சிம்மிடம் கொடுப்பார்கள். சிம் தன் சாவியைக் கொண்டு கணக்குப் போட்டு விடை சொல்லும். இரண்டு விடையும் ஒத்தால் உள்ளே விடுவார்கள். சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை, டுபாய் நிறுவனத்துக்கும் அது தெரியாது. பக்கத்துத் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போனால், நம் தோட்டத்து செக்ரோலில், அதாவது வேலையாள் பதிவேட்டில், பெயர் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள் அல்லவா, அது மாதிரிதான். நாடு விட்டு நாடு இப்படிச் சேவை கொடுப்பதற்குத்தான் ரோமிங் என்று பெயர், அதற்கான முதல் ஒப்பந்தம் 1992இல் பின்லாந்து நிறுவனம் ஒன்றுக்கும் பிரித்தானியாவின் வோடஃபோனுக்கும் நடந்தது.

அந்த விசாரிப்போடு டயலொக்கும் 'இந்த ஆள் இப்போது டுபாயில்' என்று குறித்துக்கொள்கிறது. பெரியம்மா இங்கிருந்து பழைய நம்பருக்கு அடித்தால் கோல் முதலில் இலங்கையிலேயே அந்தக் குறிப்பைப் பார்த்து, அப்புறம்தான் கடல் தாண்டும். கடல் தாண்டுகிற பகுதிக்கான காசு அக்காவின் கணக்கில் விழும். பெரியம்மாவுக்கு அது தெரியாது, அவர் வழக்கம்போல அரை மணித்தியாலம் பேசினார்.

டேட்டா இன்னும் வேடிக்கையான வழியில் போகிறது. ரோமிங்கில் இருக்கும்போது அக்கா திறக்கிற ஒவ்வொரு பக்கமும் வழக்கமாக முதலில் இலங்கைக்கு வந்து, டயலொக்கின் வாசல் வழியாகத்தான் இணையத்துக்குள் நுழைகிறது. டுபாய்க்கும் கொழும்புக்கும் இடையில் சுமார் 3,300 கிலோமீட்டர். அவர் தன் பக்கத்தில் இருக்கிற கடையைத் தேடினாலும் கேள்வி இங்கே வந்து திரும்பிப் போகும். இதில் ஒரு பலனும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்து சிம்மில் வாட்ஸ்அப் கோல் எடுபடாது. செய்தி போகும், குரல் போகாது. அங்குள்ளவர்கள் போட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேசுவார்கள். ஆனால் இலங்கை சிம்மின் ரோமிங் டேட்டாவில் வாட்ஸ்அப் கோல் பேசியது. அக்காவுக்கு ஆச்சரியம், வழி இலங்கை வழியாக இருப்பதுதான் காரணம். இரண்டாம் நாள் கணக்கில் இருந்த காசு முடிந்தபோது அந்த வழியின் விலையும் தெரிந்தது.

அப்புறம் அங்கத்தைய சிம் ஒன்று வாங்கினார். போன் அன்லொக் என்பதால் எந்தத் தடையும் இல்லை, 4ஜியும் இங்கே போலவே 1800இல் பிடித்தது. இலங்கை சிம்மைக் கழற்றி வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். இரண்டாவது இடத்தில் அதை வைத்து, ரோமிங்கைத் திறந்து, டேட்டாவை மட்டும் டுபாய் சிம்முக்கு மாற்றச் சொன்னேன். டேட்டா ரோமிங் என்ற பொத்தான் இலங்கை சிம்முக்கு அணைந்திருக்க வேண்டும். ரோமிங் சேவையை இங்கிருந்து கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் சொல்லித் திறந்துகொள்வது நல்லது, அங்கே போய்த் திறக்க அந்த நம்பருக்கே செய்தி வர வேண்டியிருக்கும்.

போனில் ஒரே ஒரு சிம் இடம்தான் என்றால் ஈசிம் உதவும். சாவியும் 15 இலக்கமும் பிளாஸ்டிக் துண்டில் இல்லாமல், போனுக்குள்ளேயே பதிந்த சிப்பில் இறங்கும், அவ்வளவுதான் வித்தியாசம். டயலொக்கும் மொபிட்டெலும் இங்கே ஈசிம் தருகின்றன. 2022இல் வந்த ஐபோன் 14இலிருந்து அமெரிக்காவில் விற்கிற ஐபோன்களுக்கு சிம் தட்டே கிடையாது. அப்படி ஒன்றைச் சொந்தக்காரர் அனுப்பினால் பக்கவாட்டில் துளையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தம்பியின் போனுக்கு வருவோம். கடைக்காரர் புதுச் சருகு ஒன்று போட்டுத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் அண்ணே, மேல்காசு தருகிறோம், வேறு போன் தாருங்கள் என்றோம். அவர் எடுத்துத் தந்ததை நான் கையில் வாங்கி, முதலில் சிம் தட்டை இழுத்துப் பார்த்தேன், வெறுமையாக இருந்தது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் எபவுட், அங்கே கேரியர் லொக் என்ற வரியில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தது. சருகு போட்ட போனில் அந்த வரி பூட்டு என்றே காட்டும், அன்றைக்கே அதைப் பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. *#06# அடித்தால் வருவதும் 15 இலக்கம்தான், ஆனால் அது சிம்முடையது அல்ல, போனின் சொந்த அடையாள எண், ஐஎம்இஐ. அதைப் பெட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டோம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வைத்திருக்கும் 1909 என்ற எண்ணுக்கு ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தையும் சேர்த்து எஸ்எம்எஸ் அனுப்பினோம். பதில் வந்தது, பதிவில் இருக்கிற போன். தம்பி டயலொக் சிம்மைப் போட்டான், அதை எடுத்துவிட்டு என் ஹட்ச் சிம்மைப் போட்டான், இரண்டிலும் அம்மாவுக்கு அடித்தான். அதற்குப் பிறகுதான் மேல்காசை எண்ணிக் கொடுத்தோம்.