வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை

விண்வெளிப் படத்தில் கம்ப்யூட்டர் திரையைக் காட்டும்போது அதிலுள்ள ஆங்கில எழுத்துகளைக் கொஞ்சம் கவனியுங்கள். அகலமாக, சம்மணம் போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். ஆங்கில ஓ முட்டை வடிவில் இருக்காது; பழைய டிவி திரைபோல மூலை மழுங்கிய பெட்டியாக இருக்கும். பல படங்களில் அது யூரோஸ்டைல் என்ற எழுத்துரு, இல்லையென்றால் அதன் சாயலில் வந்த ஏதோ ஒன்று.

அதன் பிறந்த ஊர் இத்தாலியின் டூரின். அங்கே நெபியோலோ என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக ஆல்டோ நொவரேசேயும் அலெசாண்ட்ரோ புட்டியும் 1952-ல் மைக்ரோகிராமா என்ற எழுத்துருவை உருவாக்கினார்கள். அதில் பெரிய எழுத்துகள் மட்டும்தான். சின்ன எழுத்துகளையும் சேர்த்து நொவரேசே 1962-ல் கொண்டுவந்ததுதான் யூரோஸ்டைல். 1968-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் விண்கலத் திரைகளில் இதன் தடித்த, அகன்ற வடிவம் வந்தது. அப்புறம் விண்கலம் என்றாலே இந்த எழுத்து என்றாகிவிட்டது.

சரி, அந்த ஓ-வை எப்படி வரைவது? செவ்வகம் ஒன்று போட்டு, நாலு மூலையிலும் கால்வட்டம் வைத்தால் போதாதா? வைத்துப் பாருங்கள். கோடு முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் கண் இடறும். அங்கே சின்னதாக ஒரு புடைப்பு இருப்பதுபோலத் தோன்றும். நேர்கோட்டில் வளைவு என்பதே கிடையாது. கால்வட்டத்தில் நுழைந்ததும் அது பூஜ்யத்திலிருந்து சட்டென்று முழு அளவுக்குத் தாவிவிடுகிறது. ரயில் பாதையை இப்படிப் போட்டால் பெட்டியில் நிற்பவர் பக்கத்து ஆள்மேல் சாய்வார். அதனால்தான் நேர்ப்பாதைக்கும் வளைவுக்கும் நடுவே மெல்ல மெல்ல வளையும் துண்டு ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

எழுத்துக்கும் அதே வைத்தியம்தான். வட்டத்தின் சமன்பாட்டில் எக்ஸ், ஒய் இரண்டின் அடுக்கும் 2. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் வட்டம் மூலைகளை நோக்கி உப்பும். சுற்றியுள்ள சதுரத்தின் மையத்திலிருந்து மூலைவரை உள்ள தூரத்தில் வட்டம் 71 சதவீதம்தான் எட்டும். அடுக்கு 2.5 ஆனால் 76, 4 ஆனால் 84. எங்கேயும் திடீர்த் தாவல் இல்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் உள்ள செர்கெல் சதுக்கத்தின் வடிவத்துக்கு, டென்மார்க்கின் கவிஞரும் வடிவமைப்பாளருமான பீட் ஹைன் தேர்ந்தெடுத்த அடுக்கு 2.5. யூரோஸ்டைலின் ஓ-விலும் இந்த வளைவின் சாயல்தான்.

இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. ஒரே தடிமனில் இரண்டு கோடு போட்டால், நிற்கும் கோட்டைவிடப் படுத்த கோடு நம் கண்ணுக்குத் தடியாகத் தெரியும். ஆகவே படுத்த கோடுகளைக் கொஞ்சம் இளைக்க வைப்பார்கள். தடித்த, அகன்ற யூரோஸ்டைலின் ஓ-வைப் பெரிதாக அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளந்தால் வித்தியாசம் கிடைத்துவிடும். ஸ்கேல் இல்லாவிட்டால் தாளைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மெலிந்த கோடுகள் இப்போது நிற்கும், மெலிவு இன்னும் பளிச்சென்று தெரியும்.